கழிப்பறைக்கு உபயதாரர் தேவை

கலியமூர்த்தி ஐயா அன்றைக்குப் பேசியதில் முக்கால்வாசிதான் எனக்கு நினைவிருக்கிறது. "தர்மத்துக்கு மூணு வேணும்" என்று ஆரம்பித்தார். எண்பத்து நான்கு வயது. முன்னாள் ஊராட்சித் தலைவர். மைக்கை இரண்டு கையாலும் கோழியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். "குடுக்க ஒரு மனசு வேணும். வாங்கிக்க ஒரு கை வேணும். மூணாவதா..." என்ற இடத்தில் மின்சாரம் போயிற்று. ஐயா நிறுத்தவில்லை. மூன்றாவதையும் சொல்லித்தான் உட்கார்ந்தார். முன்வரிசைக்காரர்களைக் கேட்டால் ஒருவர் 'சாட்சி' என்கிறார், ஒருவர் 'பொறுமை' என்கிறார், விழாவுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர் 'உக்கார ஒரு எடம்' என்கிறார். நான் ஏழாவது வரிசையில் இருந்தேன்.

ஐயா சொன்னது எதுவாக இருந்தாலும் சரி, நடைமுறையில் அந்த மூன்றாவது இடத்தைப் பெயர் பிடித்துக்கொண்டது.

அது கண்ணாத்தாள் நினைவு இலவசத் தொடக்கப் பள்ளியின் திறப்பு விழா. கீழக்கீரங்குடியில் வாய்க்கால் கரையை ஒட்டி இரண்டு அறை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், நாற்பத்து மூன்று பிள்ளைகள். செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள், வாத்து மேய்ப்பவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். நடத்துகிறவர் இராஜாங்கம் அண்ணன். வருவாய்த் துறையில் கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். இவர் அம்மா பேரில் பள்ளிக்கூடம் எடுத்தார். பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய என்னை, தமிழிலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகப் பள்ளியின் ஆலோசகராக நியமித்தார்.

எங்கள் பள்ளியில் பெயரில்லாத பொருள் கிடையாது. எல்லாம் உபயம். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயதாரர் பெயரை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறது. ஒருநாள் அவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடறப்போ ஒண்ணுமே படிக்க முடியலியே" என்று வருத்தப்பட்டார். அதிலிருந்து பெரிய மனிதர்கள் வரும் நாளில் மின்விசிறி நிறுத்தப்படும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் மேல்பாதியை ஒரு நகைக்கடை மூடியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு சகாரா தெரியாது, செய்கூலி இல்லை என்பது தெரியும். சாப்பாட்டுத் தட்டின் நடுவில் பெயர் வெட்டியிருக்கும். சோறு குறையக் குறைய உபயதாரர் வெளிப்படுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற முதல் சொல் அம்மா அல்ல, உபயம். இதைத் தலைமையாசிரியை இசைவாணி ஒரு குறையாகச் சொன்னபோது இராஜாங்கம் அண்ணன், "அதுலயும் உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் இருக்கேம்மா" என்றார்.

இப்படி எல்லாம் நிறைந்திருந்த பள்ளிக்கு, தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து திறந்த அன்று, ஒரு கடிதம் வந்தது.

"மேற்படி பள்ளியில் மாணவ மாணவியருக்குத் தனித்தனியே கழிப்பறை இன்மை இவ்வலுவலகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. வரும் மே மாதம் 31ஆம் நாளுக்குள் மேற்படி இன்மை நிவர்த்தி செய்யப்படாதவிடத்து, மேற்படி பள்ளியின் அங்கீகாரம் புதுப்பிக்கப்பட இயலாது என்பது இதன்வழி அன்புடன் அறிவிக்கப்படுகிறது."

"அன்புடன்னு போட்டிருக்காங்க" என்றார் அண்ணன்.

இசைவாணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இத்தனை வருஷமா பிள்ளைங்க எங்க போவுதுன்னு யாருமே கேக்கல. இன்னிக்காவது கேட்டாங்களே. எழுதினவருக்குப் புண்ணியமாப் போவும்."

பையன்கள் எங்கு வேண்டுமானாலும் போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வாய்க்கால் கரையில் ஒரு மூங்கில் புதர் இருந்தது. போன வருஷம் தூர் வாரும்போது அதையும் சேர்த்து வாரிவிட்டார்கள். அடுத்த பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், நடுவில் புறவழிச்சாலை. இது மூடினால் சூளைப் பிள்ளைகள் கல் அடுக்கப் போவார்கள், வாத்துக்காரர் பிள்ளைகள் வாத்துக்குப் பின்னால் போவார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இராஜாங்கம் அண்ணன் கலங்கவில்லை. "இதென்ன தம்பி, பெரிய விஷயமா? கேக்காமயே நாலு அலமாரி வந்துச்சு. கேட்டா ரெண்டு கக்கூசு வராதா?"

அவருடைய முதல் நம்பிக்கை பகலவன். இந்தப் பகலவன் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண ஏற்பாட்டாளர். முன்பெல்லாம் அறுபது வயதானவர்கள் பிள்ளைகளோடு வந்து, கலச நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தாலி கட்டி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது அது போதாது. பகலவனிடம் ஆனந்தம், பேரானந்தம், பரமானந்தம் என்று மூன்று வகை உண்டு. ஆனந்தத்தில் கோயிலும் சாப்பாடும். பேரானந்தத்தில் குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் பட்டு, ஆற்றங்கரையில் புகைப்படம். பரமானந்தத்தில் இவற்றோடு, மதியம் பன்னிரண்டரை முதல் ஒன்றேகால் வரை, ஏழைக் குழந்தைகள்.

அந்த ஏழைக் குழந்தைகள் நாங்கள்தான்.

மாசி மாதத்தில் ஒரு பரமானந்தம் வந்தது. சென்னையிலிருந்து சிவக்கொழுந்து, மங்களாம்பிகை தம்பதியர். "சார் பெரிய கை. கட்டடமாவே எதாவது பண்ணணும்னு இருக்காரு" என்று பகலவன் முன்கூட்டியே வந்து சொன்னார். பிறகு பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன மேடம், பிள்ளைங்க இவ்ளோ பளிச்சுனு இருக்காங்க?"

"குளிச்சுட்டு வர்றாங்க" என்றார் இசைவாணி.

"அது சரிங்க. பழைய சட்டை எதுவும் இல்லியா? கேமராவுல ஒரு உருக்கம் தெரியணும்ல?"

"பழசப் போட்டா, புதுச் சட்டை குடுத்த உபயதாரர் கோவிச்சுக்குவாரு. முதுகுல அவரு பேரு இருக்கு."

"அப்ப தலையவாச்சும் கொஞ்சம் கலைச்சு விடுங்களேன்."

"மொதல்ல உங்க தலையக் கலைச்சுக் காட்டுங்க. உருக்கமா இருந்தா நாங்களும் பண்றோம்."

தம்பதியர் மாலையைக் கழற்றாமலே வந்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று பெரிய வண்டுபோலச் சுற்றியது. பிள்ளைகள் தட்டைப் பார்ப்பதா வானத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மங்களாம்பிகை அம்மாள் தம் கையாலேயே பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். நாலாம் வகுப்புச் செம்மொழி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, பாயசம் பிடிக்காதா?"

"பிடிக்கும்."

"அப்புறம் என்ன? நிமுத்து டம்ளரை."

"குடிச்சா வரும்."

"என்ன வரும்?"

செம்மொழி சுண்டுவிரலைக் காட்டினாள்.

"அட, வந்தா போயிட்டு வா. அதுக்காகவா பாயசத்தை விடுறே?"

"எங்க போறது?" என்றாள் செம்மொழி. எதிர்த்துப் பேசவில்லை, இடம் தெரியாதவர் வழி கேட்பதுபோல உண்மையாகவே கேட்டாள்.

பதில் சொல்லவேண்டிய பெரியவர்கள் அந்த இடத்தில் பதினேழு பேர் இருந்தோம். பதினேழு பேரும் பாயசத்தைப் பார்த்தோம். இசைவாணிதான் மெதுவாகச் சொன்னார்: "காலையில வீட்டுல தண்ணி குடிக்காம வரும்மா. சாயந்தரம் வீட்டுக்குப் போயிதான் குடிக்கும். நாலஞ்சு பிள்ளைங்க இப்படித்தான். ரெண்டு தடவை மயக்கம் போட்டிருக்கு."

மங்களாம்பிகை அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராக்காரர் ஓடிவந்து, "அம்மா, அந்தக் கண்ணீரை அப்படியே, முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு" என்றார். சிவக்கொழுந்து தொண்டையைச் செருமினார். "இராஜாங்கம், கட்டடத்தை நாங்க கட்டித் தர்றோம். நல்லா, டைல்ஸ் போட்டு, தண்ணித் தொட்டியோட. இந்த மாசமே."

அண்ணன் கும்பிட்டார். நான் நன்றிக் கடிதத்தை மனசுக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது சிவக்கொழுந்து கேட்டார்: "பேரு எங்க வரும்?"

"வாசலுக்கு மேல வச்சிடலாங்க. கறுப்புக் கிரானைட்ல."

"என்னன்னு?"

"சிவக்கொழுந்து மங்களாம்பிகை மணிவிழா நினைவுக்..." அண்ணன் அந்த இடத்தில் தயங்கினார். தயங்கியிருக்க வேண்டாம். மீதி எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுபது வயதுக்குள் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

"சம்பந்தி வீட்டுல பாப்பாங்களே" என்றார் அம்மாள்.

"பாத்தா என்னங்க? நல்ல காரியம்தான?"

"நல்ல காரியந்தான். நாளைக்கு எம்பேரன், 'எங்க தாத்தா பாட்டி பேரு எங்க இருக்கு'ன்னு கேட்டா, எதைக் காட்டுறது? ஒண்ணு பண்ணலாம். பள்ளிக்கூடத்துக்கே எங்க பேரை வச்சிடுங்க. கழிப்பறை, காம்பவுண்டு, எல்லாமே பண்ணித் தர்றோம்."

"பள்ளிக்கூடம் எங்கம்மா பேருலங்க" என்றார் அண்ணன்.

"மாத்தலாமே?"

"அது முடியாதுங்க."

கடைசியில் அவர்கள் நுழைவாயில் வளைவு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். கோபுர வேலைப்பாட்டோடு, இருபதடி உயரம். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அதனால் பிள்ளைகள் வளைவின் பக்கவாட்டிலேயே வந்து போனார்கள்.

கழிப்பறை வேண்டி நான் இரண்டு மொழியிலும் எழுதிய வேண்டுகோள் நல்ல பலன் தந்தது என்றே சொல்லவேண்டும். அடுத்த மூன்று வாரத்தில் கொடிக்கம்பம் வந்தது. பாட்டுப் பாடும் மின்சார மணி வந்தது. கும்பகோணத்திலிருந்து ஓர் ஐம்பொன் சரஸ்வதி வந்தார். மூன்றாவது தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. குடிக்காத பிள்ளைகளுக்கு அது மிகச் சுத்தமான தண்ணீரைத் தந்தது. மன்னார்குடியிலிருந்து ஒரு சங்கத்தார் வந்து 'கைகழுவுதலின் அவசியம்' என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, எங்கே போகலாம் என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள்.

பங்குனி பிறந்தது. கடைசியில் உள்ளூரிலேயே ஒரு வழி தெரிந்தது. கடைத்தெருவில் லியாகத் அலி பாய் கடை. குழாய், பீங்கான், டைல்ஸ் எல்லாம் அவரிடம்தான். அண்ணன் போய் நின்றதுமே எழுந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க கேக்கவே வேணாம். பீங்கான் சாமான் பூரா நான் தர்றேன். குழாய், தொட்டி, கதவு எல்லாம் தர்றேன். பேரு மட்டும் வேணாம்."

"ஏன் பாய், உங்க கடைக்கு விளம்பரம்தான?" என்றேன்.

"தம்பி, முப்பது வருஷமா கக்கூஸ் சாமான் விக்கிறேன். என் மருமவப்பிள்ளை ஷஹ்பாஸ் ஊருல கேட்டா, மாமனாரு கட்டடப் பொருள் வியாபாரம்னுதான் சொல்றாரு. அவரு குடும்ப கௌரவத்துல நான் ஏன் கை வைக்கணும்?"

இவரைப் பார்த்ததும் எனக்குள்ளும் ஒரு நல்ல மனிதன் விழித்துக்கொண்டான். செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி என்னுடையது என்றேன். ஆனால் பெயர் வேண்டாம் என்றேன். விளம்பரம் எனக்கு அறவே பிடிக்காது. எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் செய்கிறேன் என்றேன். இதை அன்று பகலுக்குள் நாலைந்து பேரிடம் சொன்னேன்.

ஆக, பொருள் வந்துவிட்டது, கொத்தனார் வந்துவிட்டார். அனுமதிக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. நானும் அண்ணனும் அலுவலகத்துக்குப் போனோம். நன்கொடைக் கட்டட நெறிப்படுத்தும் பிரிவின் கண்காணிப்பாளர் மதிவாணன் மிகவும் மரியாதையானவர். எங்களை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், படிவத்தைப் படித்தார். பிறகு சோகமாகத் தலையை ஆட்டினார்.

"உபயதாரர் பெயர் என்கிற கட்டம் காலியா இருக்குதுங்களே."

"பெயர் வேண்டாம்னு சொல்றாங்க சார்" என்றார் அண்ணன்.

"யாரு?"

"நான்தான்" என்றேன், அடக்கத்தோடு.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க. விதி பதினாலு, உட்பிரிவு ஆ. நன்கொடையால் எழுப்பப்படும் ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பிலும் உபயதாரரின் பெயர் ஆறு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் பொறிக்கப்பட வேண்டும். உபயதாரர் அதன் கீழே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் இரண்டு பிரதி. அநாமதேயமா யாராச்சும் கட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு இடிஞ்சு விழுந்தா நாங்க யாருக்கு நன்றி சொல்றது? மன்னிக்கணும், யாரைக் கேக்குறது?"

"என் பேரைப் போட்டுக்கங்க சார்" என்றார் அண்ணன் உடனே.

"நீங்க நிர்வாகி. நிர்வாகிகள் தம் பெயரையே சூட்டிக்கொள்ளும் சுயவிளம்பரப் போக்கைத் தடுக்கும் பொருட்டு விதி பதினஞ்சு இருக்குது."

"கக்கூசுல என்னங்க சுயவிளம்பரம்?"

"விதி கட்டடம்னுதாங்க சொல்லுது. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கல."

"இறந்தவங்க பேரு?"

"தாராளமா. இறப்புச் சான்றிதழோட."

"அப்போ எங்கம்மா..."

"அவங்க பேருதான் பள்ளிக்கு இருக்கே? ஒரு வளாகத்துல ஒரு பெயர் ஒரு கட்டடத்துக்குத்தான். இல்லாட்டி ஒரே ஆளு எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுடுவாங்க." மதிவாணன் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். "இவ்ளோ யோசிக்கணுமா? சார்தான் இருக்காரே. சாரோட பேரு, சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அண்ணனும் என்னைப் பார்த்தார். எனக்குத் தேநீர் புரையேறியது. என் பெயர் உண்மையில் என்னுடையது இல்லை, என் தாத்தாவுடையது, அப்பாவும் இறந்துவிட்டார், அதைப் பற்றி முடிவெடுக்கக் குடும்பத்தில் நாலு பேரைக் கேட்கவேண்டும் என்று விளக்கினேன். "அப்பா இறந்துட்டார்னீங்களே, அவரு பேரைப் போட்டாலும் விதிப்படி சரிதான்" என்று மதிவாணன் உதவி செய்தார். வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

"அப்பா பேரையா? அதுலயா? ஏண்ணே, மஸ்கட் வெயில்ல உனக்கு எதும் ஆயிடுச்சா?" என்றாள் தங்கை.

உள்ளே போய், குடும்பத்தில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை என்று தெரிவித்தேன். எந்த எதிர்பார்ப்பும் இல்லாதவன் என்ற முறையில் நான் எதிர்பார்க்காதது இது ஒன்றுதான்.

விஷயம் ஊருக்குள் பரவியது. பரவிய இரண்டாம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. பள்ளி வாசலில் உபயம் செய்ய ஆட்கள் வந்து நின்றார்கள்.

"முழுச் செலவும் நானே ஏத்துக்கறேன்" என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர்.

"ரொம்ப சந்தோஷம். பேரு?" என்றார் அண்ணன்.

அவர் தன் பங்காளியின் பெயரைச் சொன்னார். முன்னெழுத்தோடு, பட்டத்தோடு, கதவிலக்கத்தோடு சொன்னார். அவர் போன அரைமணி நேரத்தில் அந்தப் பங்காளி வந்தார். முதலில் வந்தவர் பெயரை வைத்தால் கூடுதலாக ஒரு விளக்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார், எழுத்து இரவிலும் தெரிவதற்காக. வரப்புத் தகராறுக்காரர்கள் வந்தார்கள். ஒரு மருமகள் மாமியார் கமலாம்பாள் பெயரில் கேட்டாள். மாமியார் உயிரோடு இருக்கிறாரே என்றதற்கு, "அதனாலதாங்க" என்றாள். ஒரு வாரத்தில் பதினொரு பேர். எங்கள் ஊரில் இவ்வளவு தாராள மனசு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பன்னிரண்டாவது விண்ணப்பம் தபாலில் வந்தது: நன்கொடைக் கட்டட நெறிப்படுத்தும் பிரிவு ஊழியர் ஒருவர், தம் மேலதிகாரி மதிவாணன் அவர்களின் பெயரைக் கழிப்பறைக்குச் சூட்ட விரும்புவதாகவும், தம் பெயரை இரகசியமாக வைக்குமாறும் கேட்டிருந்தார்.

பெயருக்கு உரியவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்பது விதி பதினாறு. பன்னிரண்டும் விழுந்தன.

சித்திரை வந்தது. கெடு தேதிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி. செம்மொழி மறுபடி ஒரு நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் விழுந்தாள். அவள் விழுந்தபோது பாட்டுப் பாடும் மணி பாடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. இசைவாணி அவள் வாயில் தண்ணீரை ஊற்ற, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இசைவாணி எழுந்து நேரே எங்களிடம் வந்தார். கையில் டம்ளர் அப்படியே இருந்தது. "சார், நீங்க ரெண்டு பேரும் பேரு தேடுங்க. நான் நாளைலேந்து பிள்ளைங்கள அனுப்ப வேணாம்னு வீட்டுல சொல்லிடறேன். வீட்டுல இருந்தா தண்ணியாவது குடிக்கும்."

அவர் போன பிறகு அண்ணன் முகப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எங்கம்மா நடவுக்குப் போறப்ப விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பொழுது சாஞ்சு ஒரு தடவை. நடுவுல பச்சைத் தண்ணி தொடாது. நடுவயல்ல எங்க போவும்? மூத்திரக் கடுப்புலயே போயி சேந்துச்சு" என்றார். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த ஏணியை எடுத்து முகப்பில் சாத்தினார்.

'கண்ணாத்தாள் நினைவு இலவசத் தொடக்கப் பள்ளி' என்ற பலகையை அவரே கழற்றி இறக்கினார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"ஒரு பேரு ஒரு கட்டடத்துக்குத்தானே? அவங்க விதிதான? ஏணியப் பிடி தம்பி, ஆடுது."

படிவத்தின் காலிக் கட்டத்தில் அம்மா பெயரை எழுதி அனுப்பினார்; அன்று மாலையே கொத்தனார் அடித்தளம் தோண்டினார். இருபத்தாறு நாளில் இரண்டு கழிப்பறைகள் எழுந்தன. லியாகத் அலி பாய் தம் கடையிலேயே உயர்ந்த ரகத்தை அனுப்பி, தாமே நின்று பொருத்தினார். முகப்பில் 'கண்ணாத்தாள் கழிப்பறை' என்று ஆறரை அங்குல எழுத்தில் கிரானைட் ஏறியது. திறப்பு விழாவுக்கு யாரும் தேதி குறிக்கவில்லை. கோடை விடுமுறை என்றாலும் கதவு மாட்டிய அன்று பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள்; காலை பத்தரைக்குச் செம்மொழி போனாள். வெளியே வந்து, நேரே மூன்றாவது சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்தாள். பதினொன்றேகாலுக்கு மறுபடி போனாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

இதற்கிடையில் வேறொரு வரிசையும் நின்றது.

பள்ளியின் முகப்பு காலியாக இருக்கிறது என்ற செய்தி கழிப்பறைச் செய்தியைவிட வேகமாகப் போயிற்று. சிவக்கொழுந்து காரிலேயே வந்துவிட்டார்; வளைவில் ஏற்கெனவே பெயர் இருப்பதால் பொருத்தமாக இருக்கும் என்றார். அந்த இரண்டு பங்காளிகளும் இந்த முறை அவரவர் சொந்தப் பெயரோடு வந்தார்கள். கமலாம்பாள் அம்மாளே நேரில் வந்தார். மதிவாணனின் மாமனார் கல்விக்காகவே வாழ்கிறவர் என்பது திடீரென்று தெரியவந்தது. பகலவன் 'பிரம்மானந்தம்' என்று நாலாவது வகை ஒன்றை அறிவித்து, அதில் பள்ளிக்கூடத்தின் பெயரையே சேர்த்துவிட்டிருந்தார். தங்கை போன் செய்தாள்: "அண்ணே, பள்ளிக்கூடம்னா அப்பா பேரு எடுப்பா இருக்கும்ல? மத்தவங்க முந்துறதுக்குள்ள குடு." விளம்பரம் எனக்குப் பிடிக்காது என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம்தான் கொடுத்தேன், இரண்டு மொழியிலும்.

மொத்தம் முப்பத்து நாலு. அண்ணன் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, ஒரு செங்கல்லை மேலே வைத்தார்.

மே இருபத்தொன்பதாம் தேதி மதிவாணன் ஆய்வுக்கு வந்தார். அளவு நாடாவைப் பிடித்து எழுத்தின் உயரத்தை அளந்தார். ஆறரை அங்குலம். திருப்தி. இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். திருப்தி. தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை, அது வேறு பிரிவு. புதுப்பித்தல் படிவத்தை மேசையில் விரித்தார். சிவக்கொழுந்து, பங்காளிகள், பகலவன், கமலாம்பாள், நான், இன்னும் இருபது பேர் சன்னல் ஓரமாக, தற்செயலாக வந்தவர்கள்போல நின்றிருந்தோம்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க. பள்ளியோட பெயர் மட்டும் எழுதிட்டா முடிஞ்சுது" என்றார் மதிவாணன். குரலைத் தாழ்த்தி, "மாமனாரு விண்ணப்பம் உங்களுக்கு வந்துச்சுங்களா?" என்றும் கேட்டார்.

"வந்துதுங்க."

"மேலயா, அடியிலயா?"

"நடுவுல எங்கயோ இருக்கும்."

"அது உங்க இஷ்டம். ஆனா பெயர்னு ஒரு கட்டம், அடையாளம்னு ஒரு கட்டம், ரெண்டுல ஒண்ணாவது நிரப்பியே ஆகணும். கட்டாயம்."

சன்னல் ஓரத்தில் எல்லாருடைய கழுத்தும் நீண்டது. மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது.

இராஜாங்கம் அண்ணன் பேனாவை வாங்கி, 'பள்ளியின் பெயர்' என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். 'அடையாளம்' என்ற கட்டத்தில் எழுதினார்: "கண்ணாத்தாள் கழிப்பறைக்கு எதிரில்."